டவர் இல்லை, ரேஞ்ச் இல்லா

போனில் சிக்னல் வரவில்லை என்றால் நம்ம ஊரில் "டவர் கிடைக்கல" என்போம். இங்கே ஆலுவாவில் "ரேஞ்ச் இல்லா" என்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரே கஷ்டம்தான், நாம் டவரைத் திட்டுகிறோம், மலையாளிகள் தூரத்தைத் திட்டுகிறார்கள். பேட்டரி விஷயத்தில் இவர்கள் வார்த்தைதான் சரி என்று இப்போது எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

இங்கே இருக்கும் நம்ம குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்தால் ஒரு புலம்பல் தவறாமல் வரும். "5ஜி போட்டதிலிருந்து சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதுங்க." இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கியது. கொச்சிக்கு அந்த டிசம்பர் 20ஆம் தேதி வந்தது. புலம்பல் அதற்கு அடுத்த வாரமே வந்துவிட்டது என்று நினைக்கிறேன் :-)

இது புதுப் புலம்பல் இல்லை. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது அதில் 3ஜியே கிடையாது. ஏன் இல்லை என்று லண்டனில் கேட்டதற்கு, அந்தச் சில்லு பேட்டரியை விழுங்கிவிடும் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் பதில் சொன்னார். அடுத்த வருஷம் 3ஜி ஐபோன் வந்தது. கம்பெனியே போட்ட கணக்கில் 2ஜியில் 10 மணி நேரம் பேசலாம், 3ஜியில் 5 மணி நேரம். சரிபாதி! 2011இல் அமெரிக்காவில் எச்.டி.சி தண்டர்போல்ட் என்று ஒரு 4ஜி போன் வந்தது. 1400 மில்லி ஆம்பியர் பேட்டரியை வைத்துக்கொண்டு அது பட்ட பாடு அந்தக் காலத்து விமர்சனங்களில் பிரசித்தம். நோக்கியா 1100இல் இருந்தது வெறும் 850. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டியவர்கள் நாம். இன்று 5000 போட்டும் ராத்திரி ஒன்பது மணிக்குச் சிவப்புக் கோடு.

அப்படியென்றால் வேகம்தான் வில்லனா? பாதி உண்மை. நான் டெலிகாம்காரன் இல்லை, களமசேரி பக்கம் ஒரு ஃபேக்டரியில் மின்சாரப் பிரிவில் இருக்கிறேன். அதனால் எனக்கு மோட்டார் கணக்கில் சொன்னால்தான் புரியும். அரை எச்.பி. மோட்டார் மெதுவாகத் தொட்டியை நிரப்பும். ரெண்டு எச்.பி. மோட்டார் ஓடும்போது கரண்டை நிறைய இழுக்கும், ஆனால் சட்டென்று நிரப்பிவிட்டு நின்றுவிடும். யூனிட் கணக்கு பார்த்தால் பெரிய மோட்டார் தோற்க வேண்டியதில்லை. ஒரு சினிமாவை இறக்குவது மாதிரி பெரிய வேலைக்கு 5ஜியும் இப்படித்தான், ஒரு எம்.பி.க்கு ஆகும் மின்சாரம் குறைவு.

சிக்கல், மோட்டார் உடனே நிற்பதில்லை என்பதில் இருக்கிறது. இங்கே பிரைவட் பஸ் பார்த்திருப்பீர்கள், ஸ்டாண்டில் ஆளை இறக்கிவிட்டும் இஞ்சினை ஆஃப் பண்ணாமல் உறுமிக்கொண்டே நிற்கும். அடுத்த ஆள் ஓடிவந்து ஏறுவான் என்று நம்பிக்கை. போனும் அப்படியே. ஒரு மெசேஜ் வந்து முடிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு நொடி ரேடியோ முழு விழிப்பில் நிற்கும். 2009இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் இதை அளந்து பார்த்தார்கள் (மூன்றும் நம்ம பக்கத்துப் பெயர்கள்: நிரஞ்சன் பாலசுப்ரமணியன், அருணா பாலசுப்ரமணியன், அருண் வெங்கடரமணி). 3ஜியில் சாதாரணமாக ஏதாவது ஒன்றை இறக்கினால், செலவாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய 60 சதவீதம் வேலை முடிந்த பிறகு சும்மா நிற்பதில் போகிறது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு தூங்கி விழிக்கும் தந்திரங்கள் நிறைய சேர்த்திருக்கிறார்கள். ஆனால் குணம் போகவில்லை. குடும்பக் குரூப்பில் நிமிஷத்துக்கு ஒன்றாக வரும் "காலை வணக்கம்" ரோஜாப்பூக்கள், ஒரு சினிமாவைவிட மோசமாக பேட்டரியைத் தின்னும். பெரியவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார்கள்.

இன்னொன்று தூரம், அதாவது ரேஞ்ச். நாம் டவரிடமிருந்து வாங்குவது மட்டும் இல்லை, போனும் டவருக்குக் கத்த வேண்டும். 4ஜி போன் சாதாரணமாக அதிகபட்சம் 200 மில்லிவாட்டில் கத்தும். டவர் பக்கத்தில் இருந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும், கிசுகிசுத்தாலே கேட்டுவிடும். தள்ளிப்போகப் போக டவரே "இன்னும் சத்தமா" என்று சொல்லிக்கொண்டிருக்கும். இங்கே பரவலாக வந்த 5ஜி 3.3 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுவது. பழைய 2ஜியின் 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரி அது சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வராது. கேரளத்து வீட்டைத்தான் பார்க்கிறீர்களே, வெட்டுக்கல் சுவர், கான்கிரீட் கூரை, அது ஒழுகக் கூடாது என்று அதற்கு மேல் ஒரு தகரக் கூரை, சுற்றிலும் மழையில் நனைந்த பலாவும் தென்னையும். போதாததற்கு சில கம்பெனிகளின் 5ஜி, 4ஜியின் தோளில் உட்கார்ந்து வருவது. போன் ரெண்டு ரேடியோவையும் விழித்து வைத்திருக்க வேண்டும். ஹாலில் 5ஜி, அடுக்களையில் 4ஜி, மறுபடி ஹாலில் 5ஜி என்று அது தாவுவதற்கெல்லாம் கூலி பேட்டரியிலிருந்துதான்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குக் காட்டியது 5ஜி இல்லை. 2018 ஆகஸ்ட்.

அப்போது தோட்டக்காட்டுக்கரையில் மாடி வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரச் சேட்டனும் அவர் அம்மாவும். 15ஆம் தேதி நெடும்பாசேரி விமான நிலையத்தை மூடினார்கள். 16ஆம் தேதி காலையில் கீழ்வீட்டில் இடுப்பளவு பெரியாறு. அவர்கள் இருவரும் மாடிக்கு வந்துவிட்டார்கள். கரண்ட் முந்தின நாளே போயிருந்தது. எங்களிடம் இருந்தது மூன்று ஸ்மார்ட்போன், அம்மச்சியின் பட்டன் போன் ஒன்று, பாதி சார்ஜில் ஒரு பவர் பேங்க்.

மதியம் முழு சார்ஜில் இருந்த என் போன், யாரும் தொடாமலே, சாயங்காலம் அறுபதுக்கு வந்துவிட்டது. சுற்றிலும் டவர்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. அவற்றுக்கும் கரண்ட் இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழி இல்லை. பக்கத்து டவர் செத்தால் போன் தூரத்து டவரைத் தேடும், கிடைத்தால் முழு பலத்தோடு கத்தும், நழுவினால் மறுபடி தேடும். நாம் உட்கார்ந்திருப்போம், அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மனைவி போனை அப்படியே அணைத்து வைத்தோம். என் போனில் டேட்டாவை நிறுத்தி 2ஜிக்கு மாற்றினேன். சேட்டனுடையது 4ஜி மட்டும் உள்ள சிம், அதையும் அணைத்தாயிற்று. உசிலம்பட்டி பக்கத்தில் அம்மா தனியாக டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறாள், அதில் ஆலுவா ஆலுவா என்று திரும்பத் திரும்பப் பெயர் வருகிறது. அவளுக்கு மெசேஜ் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் படித்துச் சொல்ல வேண்டும். "நல்லா இருக்கோம். மாடியில இருக்கோம். போனை அணைக்கிறேன். காலைல ஆறு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் மெசேஜ் வரும்" என்று அனுப்பினேன். அழைப்பு போகாத இடத்திலும் எஸ்.எம்.எஸ். எப்படியோ நுழைந்து போய்விடும், அதற்கு ரேடியோவின் ஒரு நொடி போதும். எட்டு மணி ஆகும்வரை அந்தப் பிள்ளையை அம்மா தன் வீட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டாளாம்.

ஜிபிஎஸ்ஸை ஒரே ஒரு தடவை போட்டேன். வந்த எண்களை எஸ்.எம்.எஸ்.ஸாகச் சென்னையில் இருக்கும் நண்பனுக்கு அனுப்ப, அவன் அதை கேரளா ரெஸ்க்யூ இணையதளத்தில் பதிந்தான். அந்த வாரம் அப்படி எண்களாக மாறி உதவி கேட்டவர்கள் ஏராளம். மழையிலும் வெள்ளத்திலும் கேரளத்தில் நானூறு பேருக்கு மேல் போய்விட்ட நேரம் அது. 18ஆம் தேதி காலை மீனவர்களின் படகு வந்தது. அந்த எண்களைப் பார்த்து வந்ததா, எப்படியும் எங்கள் தெருவுக்கு வரவிருந்ததா, சொல்லத் தெரியவில்லை. இறங்கும்போது என் போனில் 9 சதவீதம். அம்மச்சியின் பட்டன் போனில் இன்னும் ரெண்டு கோடு. "மோனே, இது மதி" (இது போதும்) என்று அதை மடியில் முடிந்துகொண்டார். இன்றுவரை அவர் போன் மாற்றவில்லை.

இப்போது அம்மா கையிலும் ஒரு 5ஜி போன். தம்பி வாங்கிக் கொடுத்தது. ஊரில் 5ஜி ஒரு கோடு வரும், போகும். மத்தியானம் போன் அணைந்துவிடும், இங்கே நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரியும், துபாயில் இருந்தாலும் ஆலுவாவில் இருந்தாலும் "ஸ்விட்ச் ஆஃப்" என்ற அந்தக் குரலின் அர்த்தம் ஒன்றுதான். போன தடவை ஊருக்குப் போனபோது நெட்வொர்க் செட்டிங்கில் 4ஜியோடு நிறுத்திவிட்டு வந்தேன். இப்போது ராத்திரி வரை தாங்குகிறது. (அதற்கும் கீழே 2ஜிக்குப் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: ஜியோ சிம்மில் 2ஜி கிடையாது, மாற்றினால் சிக்னலே போய்விடும். மற்றவற்றில் 2ஜி இன்னும் ஓடுகிறது.) வீடியோ கால் மட்டும் சார்ஜரில் மாட்டிக்கொண்டுதான் பேச வேண்டும் என்று கண்டிஷன். யூடியூப் பார்த்தால் போன் பெரும்பாலும் கேட்கிற வேலைதான் செய்கிறது. வீடியோ காலில் கேட்கவும் வேண்டும், விடாமல் கத்தவும் வேண்டும், கேமராவும் திரையும் வேறு.

எங்கள் ஊர்ப்பயணம் மூணாறு வழி. கோதமங்கலம் தாண்டி, 1935இல் கட்டிய நேரியமங்கலம் பாலத்தில் பெரியாற்றைக் கடந்தால் அடிமாலி வரை பெரும்பாலும் காடு. அந்த வழியில் போனை அப்படியே விட்டால், டவர் தேடித் தேடியே போடிமெட்டு இறங்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதனால் பாலத்துக்கு முன்னால் கடையில் டீ குடிக்க நிறுத்தும்போதே ஃப்ளைட் மோடு. போடுவதற்கு முன் அம்மாவுக்கு ஒரு போன்.

"பாலத்துக்கு வந்தாச்சும்மா."

"சரி, அணைச்சுட்டு வா. மூணாறுல போடு, நான் இங்க எல்லார்ட்டயும் சொல்லிருதேன்."