இரு தெருக்களின் நினைவு

கல்முனையை அடுத்து, வயல்வெளியின் ஓரமாக அமைந்த நற்பிட்டிமுனையில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழ்கின்றனர். இரு சாராரும் பேசுவது தமிழே. தாய்வழி வரும் குடிமுறை இரு சாராரிடத்தும் உண்டு. வயலிலே பிறந்த ‘கவி’ எனும் நாட்டார் பாடல்களும் இருவர்க்கும் பொதுச் சொத்து. ஆயினும், 1990ஆம் ஆண்டில் நிகழ்ந்தது யாதென வினவினால், ஒரு தெரு கூறும் வரலாறு ஒன்று. மறு தெரு கூறுவது வேறொன்று. அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டதை ஒரு தெரு மறவாது. அதே மாதம் 12ஆம் நாள் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டதை மறு தெரு மறவாது. இரண்டும் மெய் என்பதே இதிலுள்ள துயரம்.

இத்தகைய ஊரில் ஆண்டுகளையும் நிகழ்ச்சிகளையும் மாத்திரம் அடுக்கிக் கூறும் வரலாறு போதாது. அடுத்த வீட்டுத் தாய் அன்றிரவு எதற்கு அஞ்சிக் கதவைத் தாழிட்டாள் என்பதை அது கூறுவதில்லை. வேலிக்கு இப்பால் நின்று அவளிடம் கேட்கவும் நா எழாது. அவ்வினாவைக் கேட்கவல்லது கதையும் கவிதையுமே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதனைப் பாடிய கவிதைகளுள் பெரும் புகழ் பெற்றது ‘புத்தரின் படுகொலை’. பாடியவர் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமான். நூலகப் படிக்கட்டின் அருகே சுடப்பட்டுக் கிடப்பவர் புத்தரே என அவர் கண்டார். தமிழரின் நூல்களே எரிந்தன என எண்ணியிருந்த பௌத்தன் ஒருவன் அக்கவிதையைப் படிப்பானாயின், தன் தம்மபதமும் அத்தீயில் வெந்ததை உணராதிருத்தல் அரிது. ஒரு முஸ்லிம் கவிஞர், தமிழரின் இழப்பை, பௌத்தனின் நெஞ்சைத் தொடுமாறு கூறியிருக்கின்றார். புள்ளிவிவரங்கள் இதனைச் செய்யமாட்டா.

ஒன்பது ஆண்டுகளின் பின், 1990 ஒக்டோபர் இறுதியில், அதே யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் சில மணிநேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். கவிதை அதனைத் தடுத்து நிறுத்தவில்லை. அத்தகைய ஆற்றல் கவிதைக்கு உண்டெனக் கூறுவோர் மிகைபடக் கூறுவோரே. எனினும், நூலகத்துக்காக ஒரு முஸ்லிம் எழுதிய கவிதையை நெஞ்சிற் கொண்ட தமிழ் வாசகன், அவ்வெளியேற்றத்தை வெறுஞ் செய்தியாகக் கடந்துசெல்ல இயலாது.

நுஃமான் மொழிபெயர்த்த பலஸ்தீனக் கவிதைகளும் 1981இலேயே நூலாயின. நிலமிழந்த பலஸ்தீனியனின் குரலைத் தமிழிற் கேட்டு, கல்முனைக் கரையில் இரு சாராரும் ஒருங்கே நெகிழ்தல் கூடும். உண்மையில், கண்காணாதவனுக்கு இரங்குதல் எளிது. அவனால் நமக்கு வழக்குமில்லை, எல்லைத் தகராறுமில்லை. அயலவனுக்கு இரங்குதலே அரிது. ஆதலின், நற்பிட்டிமுனைத் தமிழ் இளைஞன் முதலிற் படிக்கவேண்டியவை மருதமுனை மருதூர்க் கொத்தன் எழுதிய முஸ்லிம் வாழ்க்கைக் கதைகளாகலாம். முஸ்லிம் இளைஞன் எடுக்கவேண்டியது பெரியநீலாவணைக் கவிஞர் நீலாவணனின் நூலாகலாம். 1975இல் மறைந்த நீலாவணனைச் சூழ்ந்துதான் நுஃமானும் மருதூர்க் கொத்தனும் எழுத்துலகில் வளர்ந்தனர். அந்நாளில் மருதமுனைக்கும் பெரியநீலாவணைக்கும் இடையே கைமாறியவை கவிதைத் தாள்கள்.