நிறமும் நெறியும்

சேலம் நகரின் வடபால் நிமிர்ந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலையின் மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில், ஏற்காடு அமைந்துள்ளது. அடிவாரத்தில், வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட்டு வெட்டிய இடங்கள் வெண்மையாய்த் தோன்றுகின்றன. மேலே செல்லச் செல்லச் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பித் தோட்டங்கள் கரும்பச்சையாய் விரிகின்றன. ஊர் நடுவே உள்ள ஏரி, வானத்தின் நிறத்தை வாங்கிக் காட்டுகின்றது. கண்ணுக்கு விருந்தாகும் இந்நிறங்கள் கருத்துக்கும் ஒரு பாடம் புகட்டுகின்றன.

இக்காலத்தில் புதிய ஊருக்குச் செல்ல விரும்புவோர் பலர் முதலில் அவ்வூரைப் பற்றிய இணையதளத்தை நாடுகின்றனர். ஏற்காட்டிற்கென அத்தகைய தளம் ஒன்றை மாணவன் ஒருவன் அமைக்கத் தொடங்குவதாகக் கொள்க. கணினித் திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளைக் கலந்தே எல்லா நிறங்களையும் காட்டுகின்றது. பொதுவாக ஒவ்வோர் ஒளிக்கும் 256 படிகள் உண்டு. ஆகவே, 1,67,77,216 நிறங்கள் அம்மாணவன் கைக்கு எட்டுகின்றன. எட்டியவற்றையெல்லாம் எடுத்தாள வேண்டும் என்னும் ஆசை எழுவது இயல்பே. ஆனால், தலைப்புக்கு ஒரு நிறம், வரிக்கு ஒரு நிறம், ஓரத்திற்கு ஒரு நிறம் என்று அமைத்தால், தளம் திருவிழாக் கடைவீதி போல் ஆகிவிடும். கடைவீதியில் அழகு உண்டு. ஆயினும் தேடிய பொருள் விரைவில் கிட்டுவதில்லை.

எந்த நிறத்தை எங்கே இடுவது? விடையைக் காப்பித் தோட்டத்தில் காணலாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காப்பிப் பயிரைக் கொண்டு வந்தார். காப்பிச் செடியின் இலை பச்சை, காயும் பச்சை, பழுத்த கனி சிவப்பு. சூழ இருப்பன யாவும் பச்சையாய் இருப்பதால் சிவந்த கனி, பறிப்போர் கண்ணில் உடனே படுகின்றது. இலைகளும் சிவந்திருந்தால் கனியின் சிவப்பால் பயன் யாது? தளத்திலும் அவ்வாறே. பின்னணிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, இன்றியமையாத செய்திக்கு ஒன்று எனச் சில நிறங்களே போதும். மூன்றாம் நிறத்தைச் சிக்கனமாகக் கையாளுதல் வேண்டும்.

இரண்டாவது பாடத்தை மூடுபனி கற்பிக்கின்றது. பனி இறங்கும் காலையில் எதிரே நிற்கும் மரமும் மறைந்துவிடுகின்றது. மரம் அங்கேயே நிற்கின்றது. மரத்திற்கும் அதன் பின்னணிக்கும் இடையே இருந்த ஒளி வேறுபாடே மறைந்தது. வெண்ணிறத் திரையில் வெளிறிய எழுத்தை இடுபவன், தன் கையாலேயே மூடுபனியைப் பரப்புகின்றான். இவ்வேறுபாட்டை அளந்து கூறவும் முறை உண்டு. வெண்மைமேல் கருமையின் அளவு 21. வெண்மைமேல் தூய மஞ்சளின் அளவோ 1.07 மட்டுமே. சிறிய எழுத்துக்கு இது 4.5-க்குக் குறையலாகாது என்று, வலையின் தரங்களை வகுக்கும் உலக அமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகின்றது. இளைஞன் தன் அறைக்குள் இருந்து எளிதில் படிக்கும் எழுத்தை, முதியவர் ஒருவர் நண்பகல் வெயிலில், பேருந்து நிறுத்தத்தில் நின்று, சிறிய கைப்பேசியில் படிக்க நேரிடும். அவரை எண்ணியே நிறத்தைத் தேர்தல் வேண்டும்.

மூன்றாவது பாடம் இவற்றினும் பெரிது. எல்லார் கண்ணும் நிறங்களை ஒரே வகையாகக் காண்பதில்லை. அறிவியலறிஞர் ஜான் டால்ட்டன், பிறர் காணும் நிறங்கள் தமக்கு வேறாகத் தோன்றுவதை உணர்ந்து, 1794-இல் அதைப் பற்றி அறிஞர் அவையில் உரைத்தார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோர் உலகெங்கும் உளர்; அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள்.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில், பெஞ்சல் புயலையொட்டிப் பெய்த பெருமழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டது. அத்தகைய நாளில், பாதை திறந்திருப்பதற்குப் பச்சைப் புள்ளியும் மூடியிருப்பதற்குச் சிவப்புப் புள்ளியும் மட்டுமே ஒரு தளத்தில் இட்டிருந்தால், அவ்விரண்டும் ஒன்றெனத் தோன்றும் கண்ணுடையவர் என் செய்வார்? குடும்பத்துடன் ஆபத்தை நோக்கிப் புறப்பட்டுவிடவும் கூடுமன்றோ? புள்ளியின் அருகே ‘பாதை மூடப்பட்டுள்ளது’ என்று இரண்டு சொற்கள் எழுதியிருந்தால் அவர் வீட்டிலேயே தங்கியிருப்பார்.

இந்நெறியை முன்னோர் அறியாதவர் அல்லர். சேலத்திலிருந்து ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வளைவை முன்னறிவிக்கும் சாலைப் பலகைக்குச் சிவப்பு ஓரம் உண்டு. அதனோடு முக்கோண வடிவும், வளைந்த கோட்டின் படமும் உண்டு. நிறம் தவறினும் வடிவம் காக்கும். காப்பிக் கனியும் நிறத்தை மட்டும் நம்பி இருப்பதன்று. பழுத்த கனியை விரலால் அழுத்தினால் விதை எளிதில் வெளிவரும். காயோ அவ்வாறு இளகுவதில்லை. கண் ஐயுற்றதைக் கை தெளிவிக்கின்றது.

தளம் அமைப்போர் இதனை எளிதில் சோதித்து அறியலாம். நிறங்களை நீக்கிப் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தல் வேண்டும். அப்போதும் எழுத்துத் தெளிவாகத் தெரிந்து, செய்தி விளங்குமாயின் அமைப்பு நன்று; விளங்காதாயின் குறை காண்பவர் கண்ணில் இல்லை, அமைத்தவர் கருத்தில் இருக்கின்றது. அழகு வேண்டும், ஆனால் அவ்வழகு ஒருவரையும் வாயிலில் நிறுத்திவிடலாகாது. தனக்கு இனிய நிறத்தைத் தேர்வது விருப்பம். பிறர்க்கு விளங்கும் நிறத்தைத் தேர்வது பண்பு.