பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்!

"பல்லைக் கடிச்சிக்கிட்டு ரெண்டு நாள் பொறுத்துக்கோத்தா, எல்லாம் சரியாப் போகும்." எந்தக் கஷ்டம் வந்தாலும் என் மாமியார் சொல்லும் வார்த்தை இது. கடிக்கிற பல்லிலேயே வலி வந்தால் என்ன செய்வது? போன பங்குனியில் எனக்கு வந்தது அந்தச் சோதனைதான்.

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. காபி பட்டால் சுரீர். இரவில் படுத்தால் விண் விண். கிராம்புத் தைலத்திலும் உப்புத் தண்ணீரிலும் ஆறு மாதம் ஓட்டினேன். கடைசியில் திருச்சுழியில் பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் பல் டாக்டரிடம் போனேன். "பிடுங்கிப் போட்டுருங்க சார்" என்றேன். அவரோ, "வேர் நல்லா இருக்கும்மா, ரூட் கேனால் பண்ணிக் காப்பாத்திடலாம்" என்றார். பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பையும் சதையையும் எடுத்து, வேரின் குழாயைச் சுத்தம் செய்து அடைப்பதுதான் இந்த வேர் சிகிச்சை. மரத்துப்போக ஊசி போட்டதால் செய்யும்போது வலியே இல்லை.

மரப்பு விட்ட பிறகுதான் ஆரம்பித்தது. "நரம்பையே எடுத்தாச்சு, இன்னும் எப்படி வலிக்கும்?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கும் அதே சந்தேகம். பல்லுக்குள் இருந்த நரம்புதான் போனது. வேரைச் சுற்றியுள்ள சதையிலும் எலும்பிலும் நரம்பு இருக்கத்தானே செய்கிறது! உள்ளே சுரண்டியதில் அந்த இடம் கன்றிப்போகிறது. ஆற நாலு நாள் வேண்டும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-இல் வெளியான கணக்குப்படி, சிகிச்சைக்கு மறுநாள் நூற்றுக்கு 40 பேருக்கு வலி இருக்கிறது. ஒரு வாரத்தில் அது 11 பேராகக் குறைந்துவிடுகிறது.

இது தெரியாமல் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டேன். வலி உடனே நிற்கவில்லை என்று மருந்துக் கடையில் இன்னொன்று வாங்கிப் போட்டேன். இரவு உடம்பு கனகனவென்று இருக்கவே, வீட்டிலிருந்த காய்ச்சல் மாத்திரையையும் விழுங்கினேன். மறுநாள் என் மகள் மூன்று அட்டைகளையும் திருப்பிப் பார்த்து, "அம்மா, மூணுலயும் பாரசிட்டமால் இருக்கு!" என்று அலறினாள். மேலே பெயர்தான் வேறு, உள்ளே மருந்து ஒன்று. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்குமாம். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், போகவே கூடாது. நல்லவேளை, நான் அந்த அளவைத் தொடவில்லை.

ஐந்தாம் நாளும் வலி போகவில்லை. சும்மா இருந்தால் ஒன்றுமில்லை; பல்லோடு பல் பட்டால் உயிர் போகிறது. கம்பங்கூழ் தவிர எதுவும் இறங்கவில்லை. களத்திலோ மிளகாய் வற்றல் காய்கிறது. "ஒரு பல்லுக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவது?" என்ற கூச்சம் வேறு. பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் போனபோது, டாக்டர் கார்பன் தாள் மாதிரி ஒரு நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். மேலே வைத்த அடைப்பு மயிரிழை உயரமாக இருந்ததாம். வாயை மூடும்போதெல்லாம் அந்தப் பல்தான் முதலில் இடி வாங்கியிருக்கிறது. இரண்டே நிமிஷம் தேய்த்துவிட்டார். இரண்டு நாளில் வலி போன இடம் தெரியவில்லை. "மறுநாளே ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சகோதரிகளுக்காக, நான் பட்டும் கேட்டும் அறிந்தவை:

• மரப்பு விடும் வரை எதையும் மெல்லாதீர்கள். கன்னத்தையும் நாக்கையும் கடித்துக்கொண்டாலும் தெரியாது.

• வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில், சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

• கிருமிக்கான மாத்திரை வலியைக் குறைக்காது. டாக்டர் எழுதித் தராமல் வாங்க வேண்டாம்.

• கிராம்புத் தைலத்தை ஊற்றுவதும், மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வதும் சதையைப் புண்ணாக்கும்.

• ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம். துணியில் சுற்றிய ஐஸை வெளிக் கன்னத்தில் பத்து நிமிஷம் வைத்தால் இதமாக இருக்கும்.

• உறை மாட்டும் வரை அந்தப் பக்கம் முறுக்கு, சேவு கடிக்காதீர்கள். பல் உடைந்தால் செலவழித்ததெல்லாம் வீண்.

• வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலும், கடித்தால் மட்டும் குத்தினாலும் டாக்டரிடம் போங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சு விடவோ முடியாவிட்டாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

என் அம்மா பொறுத்துப் பொறுத்தே ஐம்பது வயதுக்குள் கடைவாய்ப் பற்களை எல்லாம் இழந்தவர். சாத்தூர்ச் சேவு வாங்கிக் கொடுத்தால் உரலில் இடித்துத்தான் தின்பார். அதைப் பொறுமை என்று நினைத்துப் பெருமைப்பட்ட காலம் உண்டு. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

போன வாரம் மாமியார் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "ரெண்டு நாள் பார்ப்போம்த்தா..." என்று இழுத்தார்.

"பல்லைக் கடிச்சது போதும் அத்தை. சேலையை மாத்துங்க, ஒன்பது மணி பஸ்ஸைப் பிடிச்சிரலாம்" என்றேன்.