ஊஸ்த் நதிக்கரைக் கோட்டை

பிரான்சு நாட்டின் மேற்கே, கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் பிரித்தானி. அங்கே ஊஸ்த் ஆற்றின் கரையில், பாறைமீது மூன்று வட்டக் கோபுரங்கள் நீரில் நிழல் விழ நிமிர்ந்து நிற்கின்றன. அதுவே ஜோஸ்லேன் கோட்டை. ஏறத்தாழ 1008-ஆம் ஆண்டில் கெத்தெனோக் என்னும் பிரபு இங்கு அரண் அமைத்தார். அவருடைய மகனின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. 1370-இல் இதனைத் தமதாக்கி, ஒன்பது கோபுரங்களுடன் பெருங்கோட்டையாக எழுப்பியவர் ஒலிவியே தெ கிளிசோன்.

பகையிலேயே வளர்ந்தவர் அவர். 1343-இல் பிரெஞ்சு மன்னர் ஆறாம் பிலிப்பு, துரோகக் குற்றம் சாட்டி அவருடைய தந்தையின் தலையைத் துணிப்பித்தார். அப்போது ஒலிவியேக்கு வயது ஏழு. 1364-இல் ஓரே போர்க்களத்தில் ஒரு கண்ணை இழந்தார். அவருடைய கொடுமைக்கு அஞ்சி, ‘கசாப்புக்காரர்’ என்றே அவரை அழைத்தனர். 1380-இல் பிரெஞ்சுப் படைகளின் பெருந்தலைவரானார். 1387-இல் பிரித்தானியின் கோமகன் நான்காம் ழான், தம் புதிய கோட்டையைக் காண அழைத்து, வஞ்சகமாய் அவரைச் சிறைப்பிடித்தார். பெருந்தொகையும் பல கோட்டைகளும் பெற்ற பின்னரே விடுவித்தார். 1395-இல்தான் இருவரும் சமாதானமாயினர்.

1399-இல் கோமகன் இறந்தார். மூத்த மகனுக்கு வயது ஒன்பது. கிளிசோனின் மகள் மார்கரீத் வாழ்க்கைப்பட்ட குடும்பமோ அதே பட்டத்துக்கு நெடுங்காலமாய் உரிமை கோரி வந்தது. அச்சிறுவர்களைத் தீர்த்துவிட்டால் ஆட்சி தன் பிள்ளைகளுக்கு வரும் என்று அவள் தந்தையைத் தூண்டினாளாம். கிழவர் வெகுண்டு அவளை விரட்ட, ஓடுகையில் விழுந்து அவள் கால் முறிந்தது என்பது செவிவழிச் செய்தி. சிறுவர்கள் உயிர் தப்பினர் என்பது வரலாறு.

1407-இல் கிளிசோன் இக்கோட்டையில் உயிர்நீத்தார். ஊரிலுள்ள முட்புதர் அன்னை பேராலயத்தில், மனைவி மார்கரீத் தெ ரோவானுடன் அவருடைய உருவமும் சலவைக்கல்லில் துயில்கின்றது. செப்டம்பர் 8-இல் திருப்பயணிகள் இவ்வாலயத்தை நாடி வருகின்றனர்.

மகளோ தந்தையிடம் பாடம் கற்கவில்லை. 1420-இல் தன் புதல்வருடன் சேர்ந்து இளங்கோமகனைக் கவர்ந்து சிறைவைத்தாள். அவர் மீண்டதும் அக்குடும்பம் தன் நிலங்களை இழந்தது.

1629-இல் கர்தினால் ரிஷெலியூவின் ஆணைப்படி கிளிசோனின் தலைமைக் கோபுரமும் தகர்க்கப்பட்டது. இன்றும் ரோவான் குடும்பத்தாரின் உடைமையாயுள்ள இக்கோட்டையின் உட்புற முகப்பில், கருங்கல்லைச் சரிகைபோல் செதுக்கிய வேலைப்பாடு காண்போரைக் கவர்கின்றது. எனினும் அன்பர்களே, பகைவனின் பிள்ளைகள்மீது கைவைக்க மறுத்த அந்த ஒரு பொழுதே கிளிசோன் கட்டியவற்றுள் உறுதியானது. அதனை இடிக்க எந்த ஆணையாலும் இயலவில்லை.