கடன் வாங்கிய நிறம்

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அறுகம்பைக் கடற்கரை வெள்ளைக்காரர்களால் நிரம்பிவிடும். அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் அவர்கள். விளையாட்டு முடிந்தால் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு மணலில் கிடப்பார்கள். எங்கள் பெண்கள் குடை விரித்து, முந்தானையால் முகத்தையும் மூடிக்கொண்டு நடக்கிற அதே உச்சி வெயிலில்தான் இது நடக்கிறது.

பத்தாம் தரத்தில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவங்கதான் வெள்ளயா இரிக்காங்களே சேர், என்னத்துக்குக் கறுக்கப் பாக்காங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்கென்னவோ, அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வியாகத் தோன்றவில்லை.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் வெயிலில் கறுத்தவன் வயலில் கூலி வேலை செய்பவன். பிரபு வீட்டுப் பெண்கள் குடையும் கையுறையுமாகத் திரிந்தார்கள். பின்னர் உழைப்பாளிகள் ஆலைகளுக்குள்ளும் சுரங்கங்களுக்குள்ளும் போய் வெளிறிப்போனார்கள். வெயிலில் காய்வதற்கு ஓய்வும் பணமும் உள்ளவன் பணக்காரன் என்றாயிற்று. 1920களில் பழுப்பு மேனி நாகரிகமாகிவிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காலுறைகளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பிரித்தானியப் பெண்கள் தேயிலைச் சாயத்தையும் இறைச்சிக் குழம்புக்கு நிறமூட்டும் பொடியையும் கரைத்துக் கால்களில் பூசிக்கொண்டார்கள். நமது மலையகத்துத் தேயிலையும் அந்தக் கால்களில் ஏறியிருக்கக்கூடும்.

வெயில் கொடுக்கும் பழுப்பு நிறம் உண்மையில் ஒரு காயத்தின் அடையாளம். புற ஊதாக் கதிர் தோல் கலங்களின் டீ.என்.ஏ.யைச் சிதைக்கிறது. மேலும் சிதையாமல் காப்பதற்காக உடல் மெலனின் என்னும் நிறப்பொருளைக் கூடுதலாகச் சுரந்து குடை பிடிக்கிறது. வெயிலுக்குப் பதிலாக விளக்குப் படுக்கையில் படுத்துக் கறுக்கலாம் என்று வந்த கருவிகள் இன்னும் மோசமானவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2009 இல் அவற்றைப் புகையிலை இருக்கும் அதே முதலாம் தொகுதியில் சேர்த்தது. அதே ஆண்டில் பிரேசில் அவற்றைத் தடை செய்தது.

வெயிலே படாமல் இந்த நிறத்தைப் பெறுவதற்கு ஒரு வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஏவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், ஒருவகைப் பிறவி நோயுள்ள குழந்தைகளுக்கு டைஹைட்ரொக்சி அசற்றோன் என்னும் எளிய சீனியைக் குடிக்கக் கொடுத்துச் சோதித்தார். குழந்தைகள் சிந்திய இடத்தில் தோல் பழுப்பாகியது. உடுப்பில் கறை படியவில்லை. 1960 இல் அதே பொருள் பூச்சு மருந்தாகக் கடைக்கு வந்தது.

அது வேலை செய்யும் விதத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பெருநாளைக்கு முதல் நாள் இரவு அவர்கள் கையில் அப்பும் மருதோன்றி இருக்கிறதே! அதிலுள்ள சாயம் தோலின் ஆக மேலேயுள்ள இறந்த கலப் படையைப் பற்றிப் பிடித்துச் சிவக்கிறது. இந்தச் சீனியும் அதே படையிலுள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து பழுப்பாகிறது. பாண் மேலோடு போறணையில் சிவப்பதும் இதே வகைத் தாக்கம்தான். சில மணித்தியாலங்களில் நிறம் ஏறும். மேற்படை உதிர உதிர ஒரு கிழமைக்குள் மங்கிவிடும். உயிருள்ள தோலோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் பெரிதாக இல்லை.

அதற்கும் சில ஒழுங்குகள் உண்டு. முதலில் சிறிய இடத்தில் பூசி ஒரு நாள் பார்க்க வேண்டும். முழங்கை, முழங்கால் போன்ற தடித்த இடங்களில் நிறம் கூடப் பிடிக்கும் என்பதால் அங்கு மெல்லியதாகப் பூச வேண்டும். பூசியதும் உள்ளங்கையைக் கழுவ வேண்டும். கண்ணிலும் உதட்டிலும் படக்கூடாது. தெளிப்பானாக இருந்தால் மூச்சோடு உள்ளே போகக்கூடாது. முக்கியமாக, இந்தப் பழுப்பு வெயிலைத் தடுக்காது. வெயிலுக்குப் போனால் வேறு பாதுகாப்பு வேண்டும். கறுக்கச் செய்யும் மாத்திரை, ஊசி, மூக்கில் விடும் மருந்து என்று விற்பவற்றின் பக்கம் போகவே கூடாது. அத்தகைய மாத்திரைகளிலுள்ள நிறப்பொருள் கண்ணின் விழித்திரையில் பளிங்குகளாகப் படிந்திருக்கிறது.

மருதோன்றி என்ற பெயரில் வரும் எல்லாமும் நல்லதுமல்ல. கடற்கரையில் பயணிகளுக்கு வரைந்துவிடும் 'கறுப்பு மருதோன்றி'யில் தலைமயிர்ச் சாயம் கலந்திருந்தால் தோல் கொப்புளித்துத் தழும்பாகலாம்.

இவ்வளவும் வெள்ளைக்காரரின் கவலை என்று விட்டுவிட முடியவில்லை. அந்த வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் கன்னம் இரண்டும் சிவந்து, தோல் மெலிந்து, நரம்பு தெரியத் தொடங்கியிருந்தது. வெளுக்கச் செய்யும் கிறீம் பூசுகிறாளாம். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓர் எழுத்துக்கூட இல்லை. இத்தகைய டப்பாக்களில் பாதரசம் இருப்பதுண்டு. அது மெலனின் சுரப்பதைத் தடுக்கும். தோல் வழியாக இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். தோலை மெலியச் செய்யும் ஸ்டீரொய்ட் மருந்து கலந்தவையும் உண்டு.

உம்மாவை அழைத்து எடுத்துச் சொன்னேன். அமைதியாகக் கேட்டிருந்தவர் எழும்பும்போது சொன்னார்: "ஒங்களுக்கென்ன சேர், ரெண்டும் ஆம்புளப் புள்ள. கறுத்த குமருக்கு ஒரு ஏக்கர் வயல் கூடக் கேக்காங்க. எங்களுக்கிட்ட எங்க வயல்?"

பாதரசத்தைப் பற்றி என்னிடம் விளக்கம் இருந்தது. அந்த ஒரு ஏக்கருக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. தோல் வைத்தியரிடம் காட்டும்படி மட்டும் வற்புறுத்தினேன். காட்டினார்கள், கிறீமை நிறுத்தினார்கள். கன்னம் ஆறி வருகிறது. அவளுடைய பழைய நிறமும் திரும்பி வருகிறது. அதைக் கண்டு வீட்டில் மகிழ்ந்தார்களா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளைத் தோலிலும் கறுத்த தோலிலும் மெலனின் சுரக்கும் கலங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு சுரக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. இதைப் பாடத்தில் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். கேட்கும் பிள்ளைகள் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

இலக்கிய நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா அச்சடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எழுதிக் கேட்டு என்னிடமும் வருவார்கள். "மணமகளப் பால் நிறமெண்டு ஒரு வரி போடுங்க சேர்" என்பார்கள். பெண் என்ன நிறமானாலும் இந்த வரி மாறுவதில்லை. நான் அந்த வரியைப் போடுவதில்லை. அவள் படித்த படிப்பையோ, வாப்பா இல்லாத வீட்டைத் தைத்துக் கரைசேர்த்ததையோ எழுதிக் கொடுப்பேன். சிலர் முகம் சுளித்தபடி வாங்கிப் போவார்கள். ஒரு மணமகள் மட்டும் அந்தத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.