மடை மாத்துறது

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவிச்சப்ப நான் கறம்பக்குடியில எங்க வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்தேன். நாலு நாளைக்கு முன்னாடிதான், "லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போய் வீட்டுலேருந்தே ஆணி புடுங்குங்க"ன்னு ஆபீஸ்ல சொன்னதும், தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிச்சு வந்து இறங்கியிருந்தேன். ரெண்டு வாரத்துக்குன்னு நாலு சட்டை எடுத்துட்டு வந்தவன், ஒன்றரை வருஷம் இருந்தேன்.

அப்ப நான் ஒன்பது பேர் இருக்குற ஒரு டீமுக்கு லீட். நல்லா கோட் எழுதுறவனைப் பிடிச்சு லீடா போட்டுருவாங்க, அதோட அவன் கோட் எழுதுறது நின்னு போயிரும்ங்கிறது நம்ம தொழில்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். நானும் அப்படி ஆனவன்.

ஊருக்கு வந்த மூணாவது வாரத்துலயே வண்டி தள்ளாட ஆரம்பிச்சுது. காலையில பதினஞ்சு நிமிஷம் நடக்கவேண்டிய கூட்டம் ஒண்ணேகால் மணி நேரம் போச்சு. ஒவ்வொருத்தரும் நாலஞ்சு வேலையைப் பத்தி "போயிட்டிருக்கு, போயிட்டிருக்கு"ன்னு சொல்லுவாங்க. எதுவும் போய்ச் சேர்ந்த மாதிரி தெரியலை. ஆள் கண்ணுக்கு எதிர்ல இல்லாததுதான் பிரச்னைன்னு நினைச்சு, சாயங்காலம் இன்னொரு கூட்டம் போட்டேன். எக்செல்ல பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர் அடிச்சேன். சிரிக்காதீங்க, நீங்களும் அடிச்சிருப்பீங்க :-)

மே மாசம் கொடுக்கவேண்டிய ரிலீஸ் தவறிப் போச்சு. மேலேருந்து எனக்கு விழுந்ததை நான் அப்படியே கீழே இறக்குனேன். டீம்ல ஒரு பொண்ணு, ரெண்டு வருஷ அனுபவம், தெளிவா வேலை செய்யிற பிள்ளை. எல்லாரும் இருக்குற கால்ல "உன் பேர்ல மட்டும் ஏன் இத்தனை பாக்கி?"ன்னு கேட்டேன். "முடிச்சிடுறேண்ணா"ன்னு மட்டும் சொன்னுச்சு. அடுத்த திங்கக்கிழமை ராஜினாமா மெயில் வந்துச்சு. காரணம்: தனிப்பட்டது.

அந்த வாரம்தான் கொல்லையில ஒரு சம்பவம்.

2018 நவம்பர் 16 கஜா புயல்ல எங்க தென்னை பாதிக்கு மேல விழுந்துருச்சு. அந்த இடத்தைச் சுத்தம் பண்ணி அப்பா கடலை போட்டிருந்தார். போர் தண்ணிதான். மும்முனை கரண்ட் இருக்கும்போதே பாய்ச்சி முடிக்கணும். அன்னைக்கு அப்பாவுக்கு முதுகு வலி, "மடையை மட்டும் மாத்தி விடு தம்பி"ன்னு மம்புட்டியை என் கையில கொடுத்துட்டார்.

ஒரு பாத்தி நிறைஞ்சதும் அதை அடைச்சு அடுத்ததைத் திறக்கணும், அவ்வளவுதான் வேலை. பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை வெட்டி வெட்டி விடணும். அதுக்குள்ள போன் அடிச்சுது. கால் அரை மணி நேரம் போகும்னு தெரிஞ்சு, புத்திசாலித்தனமா நாலு பாத்தி மடையை ஒண்ணா வெட்டி விட்டுட்டு மோட்டார் கொட்டகை நிழலுக்குப் போயிட்டேன். கால் முடிஞ்சு வந்து பாத்தா நாலு பாத்தியிலயும் வாய் மட்டும்தான் நனைஞ்சிருக்கு. எங்க செம்மண்ணு அப்படி, கொஞ்சமா வர்ற தண்ணியை நின்ன இடத்துலயே குடிச்சிரும். நாலுக்கும் பிரிஞ்சு போன தண்ணிக்கு அடுத்த முனை வரைக்கும் ஓடுற வேகம் இல்லை. கொஞ்ச நேரத்துல கரண்ட்டும் போயிருச்சு. கடைசிப் பக்கம் பூரா காய்ஞ்சு கிடக்கு.

அப்பா வந்து பாத்துட்டு, "இருக்குறது ஒரு குழாய்த் தண்ணி, நாலு மடையைத் தொறந்தா எது நிறையும்?"னார். அதுக்கு மேல ஒண்ணும் திட்டலை.

ராத்திரி மாடியில சிக்னல் இருக்குற மூலையில உக்காந்து டீம் வேலையை எண்ணிப் பாத்தேன். ஆரம்பிச்சு முடிக்காம கிடந்தது 42. ஒரு வாரத்துக்கு நாங்க உண்மையில முடிக்கிறது சராசரியா 6. ஜான் லிட்டில் 1961ல நிரூபிச்ச ஒரு விதி இருக்கு. உள்ளே கிடக்குறதை முடிக்கிற வேகத்தால வகுத்தா, ஒரு வேலை உள்ள வந்து வெளிய போக ஆகுற சராசரி நேரம் கிடைக்கும். சராசரியா வர்றதும் போறதும் சமமா இருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. 42ஐ 6ஆல வகுத்தா 7 வாரம். நான் ஒவ்வொண்ணுக்கும் வாடிக்கையாளர்கிட்ட சொன்ன கெடு மூணு வாரம். அதாவது யாரும் சோம்பேறியா இல்லாமலே, கணக்குப்படியே நாங்க தோத்துக்கிட்டு இருந்தோம். அந்தப் பொண்ணு பேர்ல 7 இருந்துச்சு. ஏழையும் ஒதுக்குனது நான்.

படிச்சு மறந்துபோன ஒரு கதை அப்பதான் ஞாபகம் வந்துச்சு. நம்ம ஹைதராபாத்ல நடந்தது. 2004ல மைக்ரோசாஃப்ட்டோட உள் உபயோக மென்பொருள்களைப் பராமரிக்க அங்கே ஒரு சின்ன டீம். மூணு டெவலப்பர், மூணு டெஸ்டர். வரிசையில 80க்கு மேல கோரிக்கை, ஒண்ணு முடிய அஞ்சு மாசம். வாடிக்கையாளர்கள் எல்லாம் கடுப்புல இருந்த டீம் அது. டிராகோஸ் டுமிட்ரியுங்கிறவர் பொறுப்பு எடுத்தார், டேவிட் ஆண்டர்சன் யோசனை சொன்னார். உள்ள என்ன நடக்குதுன்னு பாத்தா, வர்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ரெண்டு நாளைக்குள்ள "இதுக்கு எத்தனை நாள் ஆகும்"னு உத்தேசம் சொல்லியாகணும்னு விதி. அந்த உத்தேசம் போடுறதுலயே டீமோட நேரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல போயிக்கிட்டு இருந்துச்சு. அதுல பாதி வேலை கடைசிவரைக்கும் நடக்கவே நடக்காது.

அவங்க யாரையும் விரட்டலை, ராத்திரி முழிக்க வைக்கலை. உத்தேசம் போடுறதை நிறுத்தினாங்க. ஒரே நேரத்துல கையில எத்தனை வேலை இருக்கலாம்னு உச்சவரம்பு வச்சாங்க. ஒரு இடம் காலியானா அடுத்தது எதுங்கிறதை வேலை கேக்குறவங்களே உக்காந்து முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க. அஞ்சு மாசம் ஆனது சுமார் ரெண்டு வாரத்துக்கு வந்துச்சு. மென்பொருள்ல கான்பான்னு சொல்றோமே, அதுக்கு ஆரம்பம்னு ஆண்டர்சன் சொல்றது இந்த டீமைத்தான். கான்பான்ங்கிற பேரும் அட்டை முறையும் டொயோட்டா தொழிற்சாலையிலேருந்து வந்தது. சுருக்கமா சொன்னா, மடை மாத்துறதுதான்.

மறுநாள் டீம்ல சொன்னேன். ஒரு ஆள் கையில ஒரு வேலை, அது எங்கயாவது மாட்டிக்கிட்டா மட்டும் ரெண்டாவது. புதுசு எதுவும் ஆரம்பிக்கக் கூடாது, முதல்ல கிடக்குறதை முடிங்க. சந்தோஷப்படுவாங்கன்னு பாத்தா, பாதிப் பேர் பயந்தாங்க. கையில ஒண்ணுதான் இருக்குன்னு தெரிஞ்சா வேலை இல்லாதவன்னு நினைச்சிருவாங்களோன்னு பயம். அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. ரெண்டாவது வாரமே என் மேனேஜர், "ரெண்டு பேர் சும்மா இருக்குற மாதிரி தெரியுதே"ன்னார். அந்த ரெண்டு பேரும் அன்னைக்கு அடுத்தவங்க வேலையை டெஸ்ட் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அவரை ஒத்துக்க வைக்க ஒரு மாசம் ஆச்சு.

ஆனா உண்மையான அடி அது இல்லை. வேலைகளை "ஆரம்பிச்சது, ரிவ்யூ, டெஸ்ட், முடிஞ்சது"ன்னு கட்டம் போட்டுப் பிரிச்சதும், அதுவரைக்கும் எக்செல் கலர்ல மறைஞ்சு கிடந்தது ஒண்ணு வெளிய வந்துச்சு. 42ல 17, ரிவ்யூ கட்டத்துல நின்னுச்சு. ரிவ்யூ பண்றது யாரு? அடியேன்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு தப்பு கோட் வெளிய போயி பெரிய கலாட்டா ஆனதுலேருந்து, என் கண்ணுல படாம ஒரு வரி போகக்கூடாதுன்னு நானே போட்ட விதி. பொறுப்பா இருக்கேன்னு பெருமை வேற. அந்தப் பொண்ணோட ஏழுல நாலு, முடிச்சு எனக்கு அனுப்பி பத்து நாளைக்கு மேல காத்துக்கிட்டு இருந்துச்சு. நான் ஒரு நாளைக்கு ரெண்டு கூட்டம் நடத்திக்கிட்டு இருந்ததால பாக்க நேரம் இல்லை. அந்தக் கூட்டத்துலதான் "ஏன் முடியலை"ன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

ஆமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டு பேராசிரியை ஒருத்தர். 1990கள்ல மருத்துவமனைகள்ல மருந்து கொடுக்குறதுல நடக்குற தப்புகளை ஆராய்ச்சி பண்ணுனார். நல்லா இயங்குற குழுவுல தப்பு கம்மியா பதிவாகும்னு எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழா வந்துச்சு, அங்கேதான் பதிவான தப்பு அதிகம். தப்பு அதிகமா நடந்ததால இல்லை, பயமில்லாம வெளிய சொன்னதாலன்னு பின்னால கண்டுபிடிச்சார். என் டீம்ல ஒன்பது பேருக்கும் ரிவ்யூ எங்க நிக்குதுன்னு தெரியும். ஒருத்தர் கூட என்கிட்ட சொல்லலை.

விதியை எடுத்தேன். சீனியர் ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணலாம், ரிவ்யூ கட்டத்துல மூணுக்கு மேல நின்னா, நான் உள்பட யாரும் புதுசு தொடக்கூடாதுன்னு மாத்துனோம். சாயங்காலக் கூட்டம் ஒழிஞ்சுது. ஆகஸ்ட்ல எண்ணிப் பாத்தப்ப கையில இருந்தது 14, வாரத்துக்கு முடிக்கிறது 7. ரெண்டு வாரம். ஆளும் கூட்டலை, யாரும் ராத்திரி முழிக்கவும் இல்லை.

அந்தப் பொண்ணு மட்டும் நிக்கலை. வேற இடத்துல சேர்றேன்னு வாக்கு கொடுத்துட்டதா சொன்னுச்சு. கடைசி நாள் தனியா கூப்பிட்டு, "நாலும் என்கிட்டதான் நின்னுச்சு, அதை உன் தலையில போட்டு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன், மன்னிச்சிரும்மா"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "சொல்லலாம்னுதாண்ணா இருந்தேன். நீங்க எப்பவும் கால்லயே இருந்தீங்க"ன்னுச்சு.

இப்ப இருக்குற டீம்ல திங்கக்கிழமை காலையில நான் கேக்குற முதல் கேள்வி, "என்கிட்ட எது நிக்குது?" பெரும்பாலும் ஏதாவது ஒண்ணு நிக்கும். போன வாரம் ரெண்டு நின்னுச்சு.