சித்தப்பாவிடம் கேட்ட ஐயாயிரம்

நான் உளவியல் ஆசிரியன். மனிதர்கள் உறவை மனசுக்குள் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வருஷாவருஷம் வகுப்பில் சொல்பவன். 1992இல் ஆலன் ஃபிஸ்கே என்ற மானுடவியலர் நான்கு வகை சொன்னார். நம்முடையது என்று பகிர்வது. மேல் கீழ் பார்ப்பது. வாங்கியதற்குச் சரியாகத் திருப்புவது. விலை பேசுவது. மூன்றாவதற்கு எங்கள் பேராவூரணிப் பக்கத்து மொய் நோட்டைத்தான் உதாரணம் காட்டுவேன். ஒருவர் பகிர்வாக நினைப்பதை இன்னொருவர் கடனாக நினைத்தால் உறவு முறியும் என்றும் சொல்வேன்.

2019 ஆடியில் பணம் திரட்ட நானே மொய் விருந்து வைத்தேன். வீட்டு வேலை பாதியில் நின்றிருந்தது. கடனை நினைத்தால் பயம். அன்று ராத்திரி அப்பாவின் பழைய நோட்டை எடுத்து ஒப்பிட்டேன். பங்காளி முறைச் சித்தப்பா ஒருவருக்கு அப்பா 5000 எழுதியிருந்தார். என் நோட்டில் அவர் பெயர் இல்லை. விடிகாலையிலேயே வந்து, இலை போட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டுப் போனவர் அவர்.

மறுநாள் டீக்கடையில் கேட்டேன். “என்ன சித்தப்பா, அப்பா எழுதுன அய்யாயிரம் வரலையே?”

தனியாகக் கேட்டிருக்கலாம். நாலு பேர் முன்னால் கேட்டால்தான் வரும் என்று நினைத்தே கேட்டேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார். “தர்றேன்டா” என்றார். மிச்ச டீயைக் குடிக்கவில்லை.

அதற்கு எட்டு மாதம் முன்பு, 2018 நவம்பரில், கஜா புயல் அவருடைய தென்னைகளைச் சாய்த்திருந்தது. எனக்குத் தெரியும். விழுந்த மரங்களுக்கு நடுவே நின்று அவருக்கு ஆறுதல் சொன்னவன் நான். எம்.ஏ. சேர எனக்குப் பணம் கட்டியவரும் அவர்தான். அதை அவர் எந்த நோட்டிலும் எழுதவில்லை. எழுதாததை நானும் கணக்கில் சேர்க்கவில்லை. தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வழியில்லை.

மூன்றாம் நாள் பணம் கொடுத்தனுப்பினார். சரியாக 5000. எங்கள் பக்கம் பழைய மொய்யோடு புதிதாகக் கொஞ்சம் சேர்த்து எழுதுவார்கள். வாங்கியதை மட்டும் திருப்பினால் இனிப் போக்குவரத்து இல்லை என்று பொருள். அது புரிந்தும் எண்ணி வாங்கினேன். சித்தியின் தோடு அடகுக்குப் போன சேதி அதே வாரம் என் காதுக்கு வந்தது. அப்போதும் பணத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற வீம்பு.

மாசியில்தான் பணத்தோடு போனேன். சித்தி காதில் வேப்பங்குச்சி இருந்தது. சித்தப்பா எழுந்து நின்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

“வாங்க, உக்காருங்க” என்றார். அதுவரை என்னை “வாடா” என்று மட்டுமே கூப்பிட்டவர். பணத்தை அவர் தொடவில்லை.